மண் வாளி

பல்லடத்துக்குத் தெற்கே
தண்ணீர் வற்றிய பாறைக்குழிக்குள்
ஞாயிறு காலை குத்தவைத்திருக்கிறேன்.
மேலே ஆடிக்காற்று.
காற்றாலை இறக்கையின் நிழல்
குழியைத் தாண்டித் தாண்டிப் போகிறது.
கொறங்காட்டில் உட்கார்ந்து பழக முடியாது;
காய்ந்த கொழுக்கட்டைப்புல்
ஒரு பொறிக்கு வாய்பிளந்து கிடக்கிறது.
அதெல்லாம் எனக்குத் தெரியும்.
தெரிவதற்குத்தான் சம்பளம்.

பதினொரு வருசமாக நூல்மில்லில்
தீத்தடுப்பு மேற்பார்வை.
புளோ ரூம் உருளையில்
ஓர் ஆணி உரசினால் போதும்,
பஞ்சுக்குள்ளேயே நடந்து தீ
அடுத்த கட்டடம் போய்ச் சேரும்.
சிவப்பு வாளிகள் நாற்பத்திரண்டு.
வாரம் ஒருமுறை மண்ணைக் கிளறிவிடுவேன்
இறுகிப்போகாமல்.
எவன் வெற்றிலை துப்பினான் என்று விசாரிப்பேன்.

போன ஐப்பசியில் பர்கூர் மலைக்கு
மாடு பார்க்கப் போனோம்,
மச்சினன் தனகோட்டியும் நானும்.
விலை படியவில்லை.
குறுக்குவழி என்று இறங்கி
வழி தப்பி
மழையில் மாட்டி
இருட்டிவிட்டது.
அவனுக்குப் பல் தந்தியடித்தது.
என் சட்டைப்பைத் தீப்பெட்டி களியாகியிருந்தது.
இருபத்து மூன்று குச்சி.
எண்ணிக்கொண்டே உரசினேன்.
விரல்நுனி சிவந்தது, மருந்து ஒட்டி.
"ஏனுங் மாமா, நீங்க
நெருப்பு ஆபீசருதானுங்களே?" என்றான்
உதடு கோணிக்கொண்டு.
அணைக்க ஏழு வழி தெரியும் எனக்கு.
விடிய விடிய அவன் முதுகைத் தேய்த்தேன்.
உள்ளங்கை சூடேறியது.
அந்தச் சூட்டில் தொடங்கியதுதான் இது.

முள்ளுமுருங்கைப் பலகை,
அதிலொரு குழி, குழியோரம் ஒரு வெட்டு.
சுழல எருக்கங்குச்சி.
மேலே அழுத்தக் கொட்டாங்கச்சி.
வில்லுக்கு வேலாங்கொம்பு,
நாணுக்கு மில்லில் பஞ்சுப்பொதி கட்டி வந்த கயிறு.
முதல் ஞாயிறு கீச்சொலி மட்டும்.
அடுத்த வாரம் குச்சி தெறித்து
புருவத்தில் இரண்டு தையல்.
"லைட்டரு அறுவது ரூவாய்ங்" என்றாள் சாந்தாமணி,
தையலைப் பார்த்துக்கொண்டே.
மெதுவாக இழுத்தால் பழுப்புத் தூள்.
அதில் ஒன்றுமில்லை.
வேகம் பிடித்தால் கறுப்புத் தூள்,
ஆனால் அதற்குள் எனக்கு மூச்சு முட்டும்,
கை நிற்கும்,
தூள் ஆறி வெறும் அழுக்காகும்.
ஏழு வாரம் அழுக்கு.

இன்றைக்கு
வில்லை நிறுத்திய பிறகும்
புகை நிற்கவில்லை.
பலகையைத் தட்டித் தூக்கினேன்.
தூளுக்குள்ளே கடுகத்தனை சிவப்பு.
சட்டைப்பை மடிப்பில் எப்போதும் ஒட்டியிருக்கும்
மில் பஞ்சைச் சுரண்டி எடுத்து
தென்னம்பன்னாடைக்கு நடுவே வைத்து
கனலை அதில் சரித்து
கைக்குழந்தையின் கண்ணில் தூசி ஊதுவதுபோல
ஊதினேன்.
மூன்றாவது ஊதலில்
பொசுக்கென்று எழுந்து நின்றது,
மஞ்சளாய், ஒரு விரல் உயரம்.

கீழே வைத்தேன்.
வைத்த கை திரும்பும்போதே
மண்ணை அள்ளிக் கொட்டியது.
கால் எழுந்து இரண்டு மிதி மிதித்தது.
நான் சொல்லவில்லை.
நான் அப்போதுதான்
சிரிக்கவே தொடங்கியிருந்தேன்.

இரண்டு நொடி இருக்கும்.
ஒத்திகையில் இத்தனை வேகமாக
யாரும் அணைத்ததில்லை;
நான்தான் நேரம் குறிப்பவன்.

மண்ணைக் கிளறிப் பார்த்தேன்.
கருகிய நாரும்
பஞ்சு தீய்ந்த வாசமும்.
மில்லில் இந்த வாசம் வந்தால்
சங்கு பிடிக்கும், ஆள் ஓடும்.
இங்கே ஓர் ஓணான் தலையாட்டியது.
பலகையில் இன்னும்
இரண்டு குழிக்கு இடமிருக்கிறது.
கயிறும் அறவில்லை.
மண்ணை எட்டாத தூரத்துக்குத் தள்ளிவிட்டு
மறுபடி முழங்காலிட்டேன்.
பொழுது உச்சிக்கு வந்துவிட்டது.
வரவில்லை.

திங்கள் காலை மில் வாசலில்
செக்யூரிட்டி அப்பாச்சி என் பக்கம் குனிந்து
மூக்கை உறிஞ்சினான்.
"தீப்பெட்டி கீப்பெட்டி வெச்சிருக்கீங்ளா சார்?"
"இல்லீங்."
இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன்.
கொப்புளங்களைப் பார்த்தான்.
உள்ளே விட்டான்.